பெர்லினில் மாவு அரைக்க நல்ல நேரம்

வெளிநாடு போகிறவருக்குச் சொந்தக்காரர்கள் தரும் அறிவுரை பெரும்பாலும் ஊறுகாயைப் பற்றியது. எத்தனை பாட்டில், எந்தப் பெட்டியில், எத்தனை பாலிதீன் உறைக்குள் என்று அத்தையும் சித்தியும் விவரமாகச் சொல்வார்கள். பெர்லினில் வேலை கிடைத்திருக்கிறது என்றதும் மாமா ஹிட்லரைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவார், குளிரைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவார், பீரைப் பற்றி வார்த்தையில்லாமல் ஒரு முறை முறைப்பார். உபயோகமான எதையும் யாரும் சொல்லமாட்டார்கள். அந்தக் குறையைத் தீர்க்கவே இந்தக் கையேடு. இதன்படி நடந்துகொண்டால் ஓராண்டுக்குள் நீங்கள் பெர்லினில் யாருக்கும் தொந்தரவில்லாத மனிதராகிவிடலாம். அந்த ஊரில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

1. இறங்குதல்

நீங்கள் வந்து இறங்கும் விமான நிலையத்தை 2006இல் கட்ட ஆரம்பித்தார்கள். 2012 ஜூனில் திறப்பதாக இருந்தது. திறப்புக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, தீப்பிடித்தால் புகையை வெளியேற்றும் ஏற்பாடு வேலை செய்யவில்லை என்று தெரியவந்தது. புகையின் சுபாவம் மேலே போவது. அங்கே அதைக் கீழ்நோக்கி இழுத்து வெளியேற்றத் திட்டம் போட்டிருந்தார்கள். கடைசியில் 2020 அக்டோபர் 31 அன்று திறந்தார்கள். ஆகவே, ஜெர்மானியர்கள் நேரம் தவறமாட்டார்கள் என்று ஊரில் கேள்விப்பட்டதை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு, பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள்.

நகருக்குள் போக ரயில் உண்டு. டிக்கெட்டுக்கு ஏ, பி, சி என்று மூன்று வட்டங்கள். விமான நிலையம் சி வட்டத்தில் இருக்கிறது. ஏபி டிக்கெட் வாங்கினால் விலை குறைவு. அபராதம் 60 யூரோ. காகித டிக்கெட்டாக இருந்தால் நடைமேடையிலுள்ள சின்னப் பெட்டியில் செருகி முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். குத்தாத டிக்கெட்டும் டிக்கெட் இல்லாததும் ஒன்றே. நிலையங்களில் தடுப்புக் கதவு கிடையாது என்பதைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டாம். எதிரே சும்மா உட்கார்ந்திருப்பவர் கதவு சாத்தியதும் எழுந்து நின்று அடையாள அட்டையை நீட்டுவார்.

இந்த விமான நிலையத்தை ஒட்டித்தான் பழைய ஷோனஃபெல்ட் விமான நிலையம் இருந்தது. அது கிழக்கு ஜெர்மனிக்குச் சொந்தமாக இருந்த காலத்தில், 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு, இலங்கையிலிருந்து உயிர் தப்பி வந்த தமிழர்கள் பலர் அங்கேதான் இறங்கினார்கள். கையில் கிழக்கு ஜெர்மனி கொடுத்த, கடந்துபோவதற்கான விசா மட்டும். ஃப்ரீட்ரிக்ஷ்ட்ராஸ நிலையத்துக்கு வந்து ரயிலேறினால் மேற்கு பெர்லின். கிழக்கு தடுக்கவில்லை. மேற்கு, இரண்டு பெர்லினையும் பிரித்த கோட்டை நாட்டின் எல்லை என்று ஒப்புக்கொள்ளக்கூடாது என்பதற்காக அங்கே பாஸ்போர்ட் பார்க்கவில்லை. 1985இல் கிழக்கு ஜெர்மனி அந்த வழியை அடைத்தது. வல்லரசுகளின் சண்டையில் காகிதத்தில் விழுந்திருந்த ஓட்டை வழியாக நுழைந்தவர்கள் அவர்கள். எல்லாத் தாளும் சரியாக வைத்துக்கொண்டு வந்திறங்கும் நீங்கள், ஒரு தாளின் மதிப்பு என்ன என்பதை அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இந்தக் கையேட்டின் மீதியும் ஏறக்குறைய அதைப் பற்றியதுதான்.

2. நீங்கள் இருப்பதை நிரூபித்தல்

பெர்லினில் வந்து இறங்கிவிட்டதால் மட்டும் நீங்கள் பெர்லினில் இருப்பதாக ஆகிவிடாது. குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் வட்டார அலுவலகத்தில் விலாசத்தைப் பதிய வேண்டும். இதற்கு அன்மெல்டுங் என்று பெயர். பதிந்தால்தான் வரி எண் வரும். வரி எண் வராவிட்டால் சம்பளத்தில் பிடிக்கும் வரியைப் பார்த்து, ஊரிலேயே இருந்திருக்கலாமோ என்று தோன்றும்.

பதிவதற்கு முன்கூட்டியே நேரம் வாங்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். இரண்டு வாரத்துக்குள் நேரம் கிடைக்காது என்பது அனுபவம். இரண்டும் பல வருடமாக ஒரே ஊரில் சண்டையில்லாமல் வாழ்கின்றன. நீங்கள் செய்ய வேண்டியது இதுதான்: நகரத்தில் பன்னிரண்டு மாவட்டங்கள் உண்டு, எந்த மாவட்டத்து அலுவலகத்திலும் பதியலாம். காலையில் பல் தேய்க்கும் முன்பே அலுவலகத்தின் இணையப் பக்கத்தைத் திறந்து, யாராவது ரத்து செய்த இடம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். நீங்கள் கிழக்குக் கோடியில் குடியிருப்பீர்கள், மேற்குக் கோடியிலுள்ள ஷ்பாண்டாவில் 9.12 மணிக்கு ஓர் இடம் வரும். யோசிக்காமல் அமுக்குங்கள். ஊரைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று எப்படியும் நினைத்திருந்தீர்கள் அல்லவா?

கூடவே, வீடு கொடுத்தவர் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும். அதற்கு வீடு வேண்டும். வீட்டுக்காரர் மூன்று மாதச் சம்பளச் சீட்டும் ஷூஃபா என்கிற கடன் நாணயச் சான்றும் கேட்பார். நேற்று வந்தவருக்கு நாணயம் எங்கிருந்து வரும்? இந்தச் சக்கரத்தை உடைக்க ஒரே வழி, முதல் சில மாதங்களுக்குச் சாமான்களோடு கூடிய அறையொன்றை எடுப்பது. எடுக்கும் முன் அறையின் அகலத்தைக் கேட்க வேண்டாம், ஜன்னலைக் கேட்க வேண்டாம். “அன்மெல்டுங் செய்ய விடுவீர்களா?” என்று மட்டும் கேளுங்கள். “நான் இப்போது வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்” என்று எழுதுகிறவர் நிஜமாகவே வெளிநாட்டில்தான் இருப்பார். சாவி மட்டும் எங்கும் இருக்காது.

3. வீடு பார்த்தல்

வீடு பார்க்கப் போகும் நாளில் மாடிப்படியில் ஒரு வரிசை நிற்கும். ரேஷன் கடை என்று நினைத்துத் திரும்பிவிட வேண்டாம். எல்லோரும் உங்களைப் போல வீடு பார்க்க வந்தவர்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கோப்பு. சிரியுங்கள், ஆனால் பல் தெரியும்படி வேண்டாம்.

வாடகையைச் சொன்னதும், வெப்பமூட்டும் செலவு சேர்த்தா சேர்க்காமலா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் நுழைந்து சமையலறை எங்கே என்று தேடினால், நான்கு சுவரும் ஒரு தண்ணீர்க் குழாயும் இருக்கும். சமையலறையை முன்பு குடியிருந்தவர் கழற்றிக்கொண்டு போயிருப்பார். சிங்க், அடுப்பு, அலமாரி எல்லாம். விளக்கையும் விட்டுவைத்திருக்க மாட்டார். கூரையிலிருந்து இரண்டு கம்பி தொங்கும். இது திருட்டல்ல. அவரவர் சமையலறை அவரவர் சொத்து.

ஆறுதலான செய்தி ஒன்று. முன்பணம், வெப்பச் செலவு சேர்க்காத வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் கேட்கக்கூடாது என்று சட்டம் சொல்கிறது. அதையும் மூன்று தவணையாகக் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. பத்து மாத முன்பணம் கொடுத்துப் பழகியவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படித்துக்கொள்ளலாம்.

சாவியைத் தொலைக்காதீர்கள். உங்கள் சாவி வாசல் கதவையும் திறக்கும் சாவியாக இருந்தால், அதைத் தொலைத்தபின் கட்டடம் முழுக்கப் பூட்டு மாற்றும் செலவு உங்கள் தலையில் விழலாம். இதற்கென்றே அந்த ஊரில் எல்லோரும் ஒரு பொறுப்புக் காப்பீடு வைத்திருக்கிறார்கள். சாவித் தொலைப்பும் சேருமா என்று கேட்டு வாங்குங்கள்.

4. அழைப்பு மணியில் அப்பா

பழைய பெர்லின் கட்டடங்களில் வீட்டுக் கதவுக்கு எண் கிடையாது. அழைப்பு மணியிலும் கடிதப்பெட்டியிலும் குடும்பப் பெயர்தான். தபால்காரர் அதைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார். பெயரில்லாத பெட்டி அவருக்குப் பெட்டியே அல்ல.

நமக்குக் குடும்பப் பெயர் ஏது? பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் அப்பாவின் பெயர் உட்கார்ந்திருக்கும். ஆக, மணியில் ‘முருகேசன்’ என்று ஒட்டுவீர்கள். வங்கி, வரி அலுவலகம், பல் மருத்துவர், எல்லோரும் உங்களை ‘திரு. முருகேசன்’ என்றே கூப்பிடுவார்கள். கும்பகோணத்தைத் தாண்டாத அப்பா, பெர்லினில் வாடகை கட்டி, வரி கட்டி, கடைவாய்ப் பல்லையும் பிடுங்கிக்கொள்வார். மனைவியின் பாஸ்போர்ட்டில் அவருடைய அப்பா. எனவே ஒரே மணியில் இரண்டு சம்பந்திகள். அவர்கள் ஊரில் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தாலும் பரவாயில்லை, இரண்டு பெயரையும் ஒட்டுங்கள். ஒன்றை விட்டால் அவருக்கு வரும் கடிதம் திரும்பிப் போகும்.

5. மாவு

ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாள் என்பது அங்கே வெறும் பழக்கமல்ல, அரசியல் சாசனம். 1919ஆம் ஆண்டின் வைமார் சாசனத்தில் எழுதி வைத்ததை இன்றைய சாசனமும் அப்படியே எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே ஞாயிறன்று நீங்கள் மிக்ஸியைப் போட்டால் அது மேல்மாடிப் பாட்டிக்கு மட்டுமான பிரச்சினை அல்ல.

நம் வீட்டுக் காலண்டரில் ராகு காலம், எமகண்டம் குறித்திருப்பதுபோல அந்த ஊர்க்காரர்களின் தலைக்குள் ஓர் அட்டவணை உண்டு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை விலக்கு. ஞாயிறும் அரசு விடுமுறையும் முழு நாள் விலக்கு. பல கட்டடங்களின் வீட்டு விதிகளில் பிற்பகல் 1 முதல் 3 மணி வரையும் விலக்கு. எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் இட்லி மாவுக்கு உகந்த நேரம் சனிக்கிழமை மாலை 4 முதல் 6 வரை. ஞாயிறு காலை இட்லிக்கும் கணக்குச் சரியாக வரும். குளிர்காலத்தில் மாவு புளிக்காது. அடுப்பைப் போடாமல், உள்விளக்கை மட்டும் எரியவிட்டு ஓவனுக்குள் வையுங்கள். நம்மூர் மிக்ஸி அந்த மின்சாரத்தில் ஓடும், பிளக் மட்டும் சேராது.

தாளிப்பு தனிப் பாடம். பெர்லினில் எல்லா வீட்டுக்கும் புகை எச்சரிக்கைக் கருவி கட்டாயம். விமான நிலையத்தில் அத்தனை வருடம் மக்கர் பண்ணிய சமாசாரம், உங்கள் வீட்டில் காய்ந்த மிளகாய் கறுத்த மறு நொடி கச்சிதமாக வேலை செய்யும். சமையலறை ஜன்னலைத் திறந்த பிறகே கடுகைத் தொடுங்கள். ஜன்னலைத் திறப்பதும் சும்மா அல்ல: நாளுக்கு இரண்டு மூன்று முறை, வெளியே பனி கொட்டினாலும், ஐந்து நிமிடம் அகலத் திறந்துவைத்து மூட வேண்டும். சாம்பார் ஆவி சுவரில் ஏறிப் பூஞ்சை பிடித்தால் யார் குற்றம் என்ற கேள்வி வரும். எப்போதும் சாத்தியே வைத்திருந்தவரைத்தான் முதலில் கேட்பார்கள்.

இவ்வளவு அமைதியா என்று மலைக்க வேண்டாம். தீபாவளிக்கு விட்ட வெடியை டிசம்பர் 31 அன்று பிடித்துக்கொள்ளலாம். பட்டாசுக் கடை வருடத்தின் கடைசி மூன்று நாள்தான். அன்றிரவு அதே மேல்மாடிப் பாட்டி பால்கனியிலிருந்து ராக்கெட் விடுவார்.

6. குப்பை

முற்றத்தில் தொட்டிகள் நிற்கும். காகிதம் நீலத்தில். காய்கறித் தோல் பழுப்பில். பிளாஸ்டிக்கும் தகரமும் மஞ்சளில் அல்லது ஆரஞ்சில். எதிலும் சேராதது கறுப்பில். கண்ணாடி இரண்டு வகை: நிறமற்றது, நிறமுள்ளது. அதை ஞாயிறன்று போடக்கூடாது, உடையும் சத்தம் சாசனத்துக்கு எதிரானது.

பாட்டில்களில் சில குப்பையே அல்ல, காசு. 2003 முதல், தூக்கிப்போடும் வகைப் பாட்டிலுக்கும் டின்னுக்கும் வாங்கும்போதே 25 சென்ட் சேர்த்து வாங்கிவிடுகிறார்கள். கடையிலுள்ள இயந்திரத்தில் திருப்பிக் கொடுத்தால் சீட்டு வரும். பீர் பாட்டிலுக்கு 8 சென்ட். பூங்காவில் குடித்துவிட்டுப் போகிறவர்கள் பாட்டிலைத் தொட்டிக்குள் எறியாமல் பக்கத்தில் நிறுத்தி வைப்பார்கள். பொறுக்கிப் பிழைப்பவர் கையை உள்ளே விடாமல் எடுத்துக்கொள்ளட்டும் என்று. சட்டம் சொல்லாத, எல்லோரும் செய்கிற காரியங்களில் இது ஒன்று. செய்யுங்கள்.

தேநீர்ப் பை எந்தத் தொட்டி, பீட்சா அட்டையில் எண்ணெய் இருந்தால் எந்தத் தொட்டி என்று சந்தேகம் வந்தால், எதையாவது கையில் பிடித்துக்கொண்டு முற்றத்தில் ஒரு நிமிடம் சும்மா நில்லுங்கள். ஜன்னல் திறக்கும். பதில் வரும்.

7. தெரு

நடப்பவருக்கான சிவப்பு விளக்கில் ஒரு தொப்பிக்காரர் கைகளை விரித்து நிற்பார். 1961இல் கிழக்கு பெர்லினில் கார்ல் பெக்லாவ் என்ற போக்குவரத்து உளவியலாளர் வரைந்தவர் இவர். இரண்டு ஜெர்மனியும் ஒன்றான பிறகு இவரை நீக்கப் பார்த்தார்கள், மக்கள் விடவில்லை. நாடு போனது, சுவர் போனது, தொப்பிக்காரர் மட்டும் நிற்கிறார். அவர் நிற்கும்போது நீங்களும் நில்லுங்கள். மீறினால் அபராதம் 5 யூரோதான். ஆனால் பக்கத்தில் ஒரு குழந்தை நின்றால் அதன் அம்மா உங்களைப் பார்க்கும் பார்வைக்கு விலைப்பட்டியல் கிடையாது. அண்ணாசாலையைக் கைகாட்டியே கடந்தவர் என்ற பெருமை இங்கே செல்லாது.

நடைபாதையில் சிவப்புக் கல் பதித்த பட்டை சைக்கிளுக்கானது. அதில் நின்று படம் எடுக்காதீர்கள்.

வெளியூர் ரயில் ஐந்து நிமிடம் தாமதித்தால் கணக்கில் அது தாமதமே இல்லை. ஆறாவது நிமிடத்திலிருந்துதான் தாமதம். போய்ச் சேர ஒரு மணி நேரம் தாமதமானால் கட்டணத்தில் கால் பங்கு, இரண்டு மணி நேரமானால் பாதி திரும்பக் கிடைக்கும். கேட்டால்தான் கிடைக்கும். படிவம் உண்டு.

8. கடையும் காசும்

ஊரில் பூக்காரம்மாவுக்குக்கூட க்யூஆர் கோடில் பணம் போட்டுப் பழகியவர்கள் கையில் நோட்டும் சில்லறையும் வைத்திருங்கள். ரொட்டிக்கடையிலும் சின்ன ஓட்டலிலும் ‘ரொக்கம் மட்டும்’ என்ற பலகையைப் பார்க்க நேரும். சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவர் சாமானைத் தள்ளும் வேகம் வேறு. அங்கேயே நின்று பைக்குள் அடுக்கலாம் என்ற ஆசை வேண்டாம். வாரித் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு ஓரமாகப் போய் அடுக்குங்கள். ஞாயிறு கடை கிடையாது. பாலை மறந்தவர்கள் மத்திய ரயில் நிலையத்துக்குப் போகலாம், அங்கே திறந்திருக்கும்.

9. கடிதமும் காய்ச்சலும்

முக்கியமான எல்லாமே தபாலில் வரும். முதலில் வருவது வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம்: வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. என்னிடம் டிவி இல்லை என்று எழுதிப் பயனில்லை. டிவிக்கல்ல, வீட்டுக்குத்தான் அந்தக் கட்டணம். கெட்டியான அட்டைக் கோப்பு ஒன்று வாங்கி, வரும் கடிதத்தையெல்லாம் துளை போட்டு அடுக்குங்கள். கோப்பு தடிக்கத் தடிக்க ஒன்று புரியும்: உங்களைப் படுத்துகிற அதே காகிதம்தான் உங்களுக்காகப் பேசவும் செய்கிறது. பாஷை தெரியாத ஊரில் வீட்டுக்காரரிடம் வாதாட முடியாது. ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பிக் காட்ட முடியும். முகதாட்சண்யம் இல்லாத ஊர் என்று புலம்புகிறவர்கள், முகம் தெரியாதவனுக்கும் அங்கே அதே விதிதான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

காய்ச்சல் வந்தால் மருந்துக்கடைக்குத்தான் போக வேண்டும். பாராசிட்டமால் சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்காது. டாக்டர் ஊசி போடுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். மூலிகைத் தேநீரும் படுக்கையும் எழுதிக் கொடுப்பார், கூடவே அலுவலகத்துக்கு விடுப்புச் சான்றும். டிசம்பரில் சூரியன் மாலை 4 மணிக்கு முன்பே விழுந்துவிடும். காரணமில்லாமல் அழுகை வந்தால் காரணம் அதுதான். ஜூனில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும். அப்போது அழ நேரம் கிடைக்காது.

10. சாமியும் சனமும்

பிரிட்ஸ் பகுதியில் மயூரபதி முருகன் கோயில் இருக்கிறது, இலங்கைத் தமிழர்கள் கட்டியது. ஹாசன்ஹைடே பூங்காவின் ஓரத்தில் பிள்ளையாருக்கும் கோயில் எழுப்பத் தொடங்கினார்கள். அண்ணன் கோயில் வளர்ந்துகொண்டிருக்கும்போதே தம்பி குடிபுகுந்துவிட்டார். மாம்பழப் போட்டியில் தோற்றவர் பெர்லினில் ஜெயித்தார். தேர் பார்க்க வேண்டுமென்றால் ஹாம் நகரத்துக்குப் போங்கள், ரயிலில் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம், விதி எண் 7க்கு உட்பட்டு. 2002இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோயில், தொழிற்சாலைகளுக்கு நடுவே நிற்கிறது. தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பாவெங்கும் இருந்து ஆயிரக்கணக்கில் சனம் வரும். தீர்த்தத்துக்கு அங்கே ஒரு கப்பல் கால்வாய்.

உள்ளூர்ச் சகவாசத்துக்கு இரண்டே விதி. பிறந்தநாளுக்கு முன்கூட்டியே வாழ்த்தாதீர்கள், அபசகுனம் என்பார்கள். உங்கள் பிறந்தநாளுக்கு அலுவலகத்துக்குக் கேக் கொண்டுபோக வேண்டியவர் நீங்களே.

11. கிளம்புதல்

வந்ததை நிரூபித்ததுபோல் போவதையும் நிரூபிக்க வேண்டும். வீட்டுக்காரருக்கு மூன்று மாதம் முன்பே கடிதம் எழுதுங்கள், மை பேனாவில் கையெழுத்திட்டு, மின்னஞ்சல் செல்லாது. நாட்டை விட்டுப் போவதாகவும் ஒரு பதிவு உண்டு, கிளம்புவதற்கு ஒரு வாரத்துக்கு முன்பாகச் செய்ய முடியாது. அந்தத் தாள் இல்லாமல் வானொலிக் கட்டணம் உங்களை விடாது.

கடைசியில் கோப்பு மிஞ்சும். சில வருடமாவது அதை வைத்திருப்பது புத்திசாலித்தனம். வரி அலுவலகத்துக்கு மறதி கிடையாது. பெட்டியில் எடை ஏறுகிறது, எறிந்தே ஆக வேண்டும் என்றால் முறையாக எறியுங்கள். தாள்களை உருவி நீலத் தொட்டியில் போடவும். பிளாஸ்டிக் உறைகளைத் தனியே எடுத்து மஞ்சளில். அட்டையிலுள்ள இரும்பு வளையத்தை ஸ்க்ரூடிரைவரால் நெம்பிக் கழற்றிப் பிளாஸ்டிக்கோடு போடவும், அட்டையைத் தாள்களோடு. நெம்பும்போது சத்தம் வரும், ஆகவே ஞாயிறு வேண்டாம்.